நூற்று நாற்பது பேரின் நடை

வியாழக்கிழமை காலையும் வரைபடக் கூடத்தின் கதவு தண்டபாணிக்குத் திறக்கவில்லை. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். நான்கடி பின்னால் போய், கையை நன்றாக வீசி மறுபடி நடந்து வந்தார். கதவுக்கு மேலிருந்த சின்னத் திரையில் 'நம்பிக்கை 71' என்று வந்தது. எண்பத்தைந்து வந்தால்தான் திறக்கும்.

"காவக்காரன் உங்களை மறந்துபோட்டானாட்ட இருக்குதுங்க" என்று பின்னால் வந்த கணக்குப் பிரிவுப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். இருபத்திரண்டு வருஷம் அதே கூடத்தில் உட்கார்ந்து பம்பு வரைந்த மனிதர், சிரித்தபடியே ஓரமாக ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிட்டார்.

இதையெல்லாம் மாடியில் தன் அறைத் திரையில் மரகதம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியின் நெட்வொர்க் பாதுகாப்புக்கு அவள்தான் பொறுப்பு. காவல்காரனைக் கூட்டிவந்தவளும் அவள்தான்.

காவல்காரன் என்றால் ஆள் இல்லை. கூரை முழுக்க மாட்டியிருக்கும் வைஃபை பெட்டிகளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு லட்சணத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, pump123. அதையும் மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். எதிரே இருந்த பேக்கரிக்காரர் தன் வாடிக்கையாளர்களுக்கு டீயோடு சேர்த்து அந்த பாஸ்வேர்டையும் கொடுத்துவந்தார். ஒருநாள் யாரோ ஒருவன் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, தேங்காய் பன் தின்று முடிப்பதற்குள் ஒரு டெண்டர் வரைபடத்தை முழுசாக எடுத்துப் போய்விட்டான். அதற்கப்புறம்தான் முதலாளி சென்னியப்பன் மரகதத்தை வேலைக்கு எடுத்தார்.

"பாஸ்வேர்டே வேண்டாமுங்க சார்" என்று அன்றைக்கு அவள் சொல்லியிருந்தாள். "தண்ணித் தொட்டிக்குள்ள ஒருத்தர் நடந்தா தண்ணி கலங்குதில்லீங்களா. வைஃபை அலையும் அப்படித்தான் கலங்கும். ஒவ்வொருத்தர் நடந்தாலும் ஒவ்வொரு மாதிரி. கால் வைக்கறது, கை வீசறது, மூச்சு விடறது எல்லாமே அதுல தெரியும். அதைப் படிச்சு வெச்சுக்கிட்டா ஆளை அடையாளம் கண்டுக்கும். நடையை எழுதி ஒட்டவும் முடியாது, பேக்கரிக்காரருக்குக் குடுக்கவும் முடியாதுங்க."

முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மூன்று வருஷமாக ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகவில்லை. மரகதமும் அந்தப் பெருமையில்தான் இருந்தாள்.

இந்த வாரக் குழப்பத்துக்குக் காரணம் ஆயுதபூஜை என்றுதான் முதலில் நினைத்தாள். பூஜைக்கு அவர்கள் வழக்கம்போல் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். காவல்காரனும் ஆயுதம்தானே என்று கூரைப் பெட்டிகளுக்குச் சந்தனம் பூசி, ஒவ்வொன்றிலும் முழ நீளத்துக்கு ஜிகினாச் சரம் கட்டிவிட்டார்கள். பளபளக்கும் தாளில் பட்ட அலையெல்லாம் திசைக்கொன்றாகச் சிதறி, ஒருவருக்கும் ஐம்பதுக்கு மேல் மதிப்பெண் வரவில்லை. பக்தியாகக் கட்டியதை உடனே அறுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அவளும் வற்புறுத்தாமல், வேலை நடக்கட்டும் என்று ஒரு வாரத்துக்குக் கதவு திறக்கும் எல்லையை எண்பத்தைந்திலிருந்து நாற்பதாக இறக்கிவைத்தாள். படித்த படிப்புக்கு அவள் செய்திருக்கக்கூடாத காரியம் அது. திங்கட்கிழமை சரங்களைக் கழற்றி, எல்லையைப் பழையபடி ஏற்றினாள். மற்ற அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மதிப்பெண் திரும்பிவிட்டது. தண்டபாணிக்கு மட்டும் வரவில்லை.

மூன்று தடவை மறுத்தால் என்ன செய்வதென்று அவளே விதி எழுதியிருந்தாள். ஒரு வாரத்தில் மூன்று முறை மறுக்கப்பட்டவரின் அனுமதியை நிறுத்த வேண்டும். பதிவுகளை நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும்.

பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார். சென்னியப்பன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார். காவல்காரனை விற்ற சென்னைக் கம்பெனியின் என்ஜினீயர் அஃப்ரீனை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஒரு ஆளோட நடை திடீர்னு மாறுச்சுன்னா என்னம்மா அர்த்தம்?"

"பல காரணம் இருக்கலாம் சார். அடிபட்டிருக்கலாம். பதட்டமா இருந்தாலும் மாறும்" என்றாள் அஃப்ரீன். "எங்க புது வெர்ஷன்ல அதையே ஒரு வசதியா வெச்சிருக்கோம். ஏதோ ஒண்ண மறைச்சுக்கிட்டு நடக்கறவங்க நடையில ஒரு செயற்கைத்தனம் வரும். அதை எடுத்துக் காட்டிடும்."

"மறைச்சுக்கிட்டு நடக்கறவங்க" என்று முதலாளி திருப்பிச் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு மரகதத்தைப் பார்த்தார். "திங்கக்கிழமை டெண்டர். வெள்ளத்துல மூழ்கினாலும் ஓடற பம்பு. அதை வரைஞ்சவரு நடை இந்த வாரம் பார்த்து மாறுது. நான் என்னன்னு நெனைக்கறது?"

"தண்டபாணியண்ணன் அப்படிப்பட்டவர் இல்லீங்க சார்."

"போன தடவை டெண்டர் போனப்பவும் எல்லாரும் அப்படிப்பட்டவங்க இல்லைன்னுதான் சொன்னாங்க. மூணு மணிக்குப் பதிவுகளைக் குடுத்துருங்க. அவருது மட்டும் இல்லை. எல்லார்துந்தான். கூட யாராச்சும் இருக்காங்களான்னு பாக்கோணும். அப்புறம் போலீசுக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம்."

அறைக்குத் திரும்பியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். பிறகு தண்டபாணியின் பதிவை எடுத்தாள். இத்தனை நாளில் யாருடைய பதிவையும் அவள் இப்படிப் பின்னோக்கிப் பார்த்ததில்லை. கடைசிப் பதினான்கு மாதம் திரையில் ஒரு கோடாக ஓடியது. வலது கை வீச்சு ஒரே சீராக இருந்தது. இடது கை வீச்சு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஆறாவது மாதத்தில் திடீரென்று ஏறி, அதற்குப் பிறகு ஒருநாள் அதிகமாகவும் ஒருநாள் குறைவாகவும் தாறுமாறாகக் கிடந்தது.

அஃப்ரீனைத் தன் சொந்த ஃபோனில் அழைத்து, அந்தக் கோட்டின் படத்தைப் பெயரில்லாமல் அனுப்பிக் காட்டினாள்.

"மேடம், இது திருட்டு இல்ல" என்றாள் அஃப்ரீன், குரலைத் தாழ்த்தி. "இதே மாதிரி ஒண்ணு இன்னொரு ஆபீஸ்ல பாத்தேன். ஒரு பக்கக் கை மட்டும் வீசறது நின்னுடும். நடுக்குவாதம் ஆரம்பத்துல அப்படித்தான் இருக்குமாம்."

"அந்த ஆபீஸ்ல என்ன பண்ணாங்க?"

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்க மேடம். அவருக்கே தெரியறதுக்கு முன்னாடி."

மரகதம் ஃபோனை வைத்துவிட்டுக் கூரைப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். பாஸ்வேர்டு திருட்டைத் தடுக்க வைத்த பெட்டி. அது நூற்று நாற்பது பேரின் உடம்பையும் மூன்று வருஷமாகச் சத்தமில்லாமல் எழுதிவைத்திருக்கிறது. அந்த ஏட்டைத்தான் மூணு மணிக்கு முதலாளி கேட்கிறார். தனக்கு ஏன் இது முன்பே உறைக்கவில்லை என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

தண்டபாணி கேண்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிருந்தது. இடது கை மேஜைக்கு அடியில் இருந்தது.

"அண்ணா, உங்களுக்கு உடம்புக்கு என்னங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "யாரு சொன்னாங்க அம்மிணி?"

"காவக்காரன்தானுங்க."

அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "எட்டு மாசமாச்சு, டாக்டர் சொல்லி. வீட்டுல அவளுக்கு மட்டுந்தான் தெரியும். இந்தக் கை தானா வீச மாட்டேங்குது. நானாத்தான் வீசோணும். காலைல மொட்டைமாடியில அரைமணி நேரம் பழகறேன். பழைய மாதிரியே நடந்தா இது கண்டுக்காதுன்னு நெனைச்சேன்."

மரகதம் எதிரே உட்கார்ந்தாள். "நடிச்சதுதானுங்கண்ணா வினையாப்போச்சு. நீங்க பாட்டுக்கு நடந்திருந்தா அதுவும் உங்ககூடவே வந்திருக்கும். தொப்பை போட்டாலும், முட்டி வலிச்சாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கும். ஒருநாள் இருக்கற மாதிரி ஒருநாள் இல்லைன்னாத்தான் அதுக்குப் புரியறதில்லை. இத்தனை நாள் எப்படியோ தட்டுத்தடுமாறி எண்பத்தஞ்சைத் தொட்டுச்சு, ஜிகினா வாரத்துல அதுவும் குழம்பிப்போச்சுங்க."

"அப்படியா" என்றார் அவர். எட்டு மாதத்து மொட்டைமாடி நடை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் வீணாய்ப்போனது.

"முதலாளி உங்களைச் சந்தேகப்படறாருங்க. போலீஸ் வரைக்கும் பேசறாரு. நான் இதைச் சொல்லிட்டா உங்க பேரு நல்லாயிரும்."

"சொல்லிப்போடாதே அம்மிணி." அவர் குரல் உயரவில்லை, ஆனால் கெஞ்சியது. "திருடன்னு சொன்னா, விசாரிப்பாங்க. இல்லைன்னு ஆனா நாளைக்கே வந்து உக்காந்துக்குவேன். நோயாளின்னு சொன்னா ஆரு விசாரிப்பாங்க? பாவம்னு சொல்லி மாலை போட்டு அனுப்பிச்சுருவாங்க. அந்தப் பம்பை முடிச்சுப்போடறேன். மூளைக்கு ஒண்ணும் ஆகலை. வரையறது வலது கைதானே."

மணி ஒன்றேகால். அவள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் மானம் போகும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மூணு மணிக்குப் பதிவுகள் முதலாளி கைக்குப் போனால் அந்தக் கோட்டை வாசிக்க அஃப்ரீன் மாதிரி ஒருத்தர் போதும். அப்புறம் வருஷா வருஷம் யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை அனுப்பலாம் என்று காவல்காரனைக் கேட்டே முடிவு செய்வார்கள். தேவைக்கு மேல் எதையும் சேர்த்துவைக்காதே, இல்லாததை எவனும் திருட முடியாது என்பதுதான் அவள் தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே வகுப்பெடுத்திருக்கிறாள். அடையாளம் காண நேற்றைய நடை போதும். மூன்று வருஷத்து நடை எதற்கு? அதை அழிக்காமல் வைத்திருந்தது அவளுடைய சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அஃப்ரீனை மறுபடி ஃபோனில் பிடித்து ஒரு கேள்வி கேட்டாள். "உங்ககிட்ட நகல் ஏதாச்சும் இருக்கா?"

"எங்ககிட்ட ஒண்ணுமே கிடையாது மேடம். நீங்க அனுப்பின அந்தக் கோட்டையும் அழிச்சுட்டேன். வெளிய ஒரு வரி போகக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுத வெச்சதே நீங்கதான்."

முழுதும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். திரை உடனே அழித்துவிடவில்லை. நிதானமாக ஒரு கேள்வி கேட்டது. 'இப்பதிவுகளில் கவனிக்கத் தக்க உடல் மாற்றம் உள்ளவர்கள்: 2. பெயர்களைப் பார்க்கிறீர்களா?'

இரண்டு. ஒன்று யாரென்று தெரியும். இன்னொன்று?

விரல் அந்தரத்தில் நின்றது. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். எல்லாருடைய உடம்பையும் பார்க்கிறவள் என்று பெயராகும். அது உண்மையும்கூட. முதலாளி பார்க்கக்கூடாதென்றால் அவள் மட்டும் எந்த உரிமையில் பார்ப்பது? மணி இரண்டு ஐம்பது. வெளியே முதலாளியின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டது. அவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள். திரை வெறுமையானது.

"எங்கே பதிவு?" என்றபடி உள்ளே வந்தார் சென்னியப்பன்.

"அழிச்சுட்டேனுங்க சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நான் கேட்டதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறந்தானுங்க. முன்னாடியே செஞ்சிருக்கோணும். ஜிகினா தொங்கின வாரத்துல எல்லையை நான் இறக்கிவெச்சேன். அந்த வாரம் அது கத்துக்கிட்டது எல்லாம் குப்பை. அந்தக் குப்பையை வெச்சு ஒரு மனுசனைத் திருடன்னு சொல்லக்கூடாது. தப்பு என்மேலதானுங்க. வேணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். ஆனா திங்கக்கிழமைக்குள்ள காவக்காரன் வேலை செய்யோணும்னா எல்லாரையும் முதல்ல இருந்து சேக்கோணுங்க. தினமும் பழைய பதிவைத் தானே அழிக்கற மாதிரியும் மாத்திவெச்சுட்டேன்."

முதலாளி அவள் மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். அவள் சொன்னதில் பாதி சப்பைக்கட்டு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திங்கட்கிழமை டெண்டர். வேறு ஆளைத் தேட நேரமில்லை.

"எப்படிச் சேக்கறது?"

"ஒவ்வொருத்தரா நாப்பது அடி நடக்கோணும். இவருதான் இன்னார்னு ரெண்டு பேரு பக்கத்துல நின்னு சாட்சி சொல்லோணும். ஒண்ணு நானு. இன்னொண்ணு நீங்களா இருந்தா நல்லதுங்க."

மூன்றரை மணிக்கு வரைபடக் கூடத்துக்கு வெளியே இருந்த நீளமான தாழ்வாரத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஆரம்பத்தில் ஒரே கேலி. கல்யாணப் பெண்பார்க்கிற நடை நடக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் ஓட்டினார்கள். முதலாளி அதன் மறுகோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. ஆறு வருஷமாக ஸ்டோரில் இருக்கும் ஆளின் பெயரை அவர் மரகதத்திடம் கேட்க வேண்டியிருந்தது. பத்துப் பதினைந்து பேருக்கு அப்படி ஆனபிறகு, அவரே எழுந்துபோய் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டார்.

தண்டபாணியின் முறை வருவதற்கு முன் மரகதம் அவர் பக்கத்தில் போனாள். "அண்ணா, இன்னைக்கு நீங்க எப்படி நடக்கறீங்களோ அதுதான் நீங்கன்னு அது எடுத்துக்கும். நடிச்சீங்கன்னா, தினமும் நடிக்கோணும்."

"எல்லாரும் பாக்கறாங்களே அம்மிணி."

"ஆமாங்க" என்றாள். மெஷினிடமிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டாள். மனிதர்களிடமிருந்து காப்பாற்ற அவளிடம் ஒரு வழியும் இல்லை.

தண்டபாணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். முதல் நான்கடி இடது கை வேகமாக வீசியது. பிறகு அவர் நின்றார். ஏதோ மறந்துபோனவர் போல் திரும்பிவந்து, ஆரம்பக் கோட்டில் நின்று, மறுபடி நடந்தார். இந்தத் தடவை இடது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. விரல்கள் லேசாக ஆடின. அடி குட்டையாக விழுந்தது. கேலிப் பேச்சு ஒவ்வொன்றாக நின்று, நாற்பதாவது அடியில் தாழ்வாரமே அமைதியானது.

"இவரு தண்டபாணி" என்றார் முதலாளி. யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

திரையில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. தண்டபாணி கதவை நோக்கிப் போனார். திறந்தது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அதற்குப் பின் நடந்த ஒவ்வொருவரின் கையையும் மரகதம் வெறித்துப் பார்த்தாள். இடது கை, வலது கை, தோள், கால் விழுகிற விதம். நூற்று நாற்பதில் இன்னொருவர் இருக்கிறார். இவரா? அவரா? கூச்சத்தில் சிலர் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள், சிலர் போலீஸ் அணிவகுப்புபோல் நடந்தார்கள். அவள் கண்ணுக்கு எல்லாருமே சந்தேகமாகத் தெரிந்தார்கள், எல்லாருமே சரியாகவும் தெரிந்தார்கள். மாதக்கணக்கில் ஒரு நூலிழை குறைந்ததைக் கண்ணால் காண முடியாது. அதைக் கண்டுவைத்திருந்த ஒரே ஏட்டை அவள் அழித்துவிட்டாள். கடைசியில் முதலாளி நடந்தார். அவருக்குப் பின் அவளும் நடந்தாள். நடக்கும்போது தன் கை தானாக வீசுகிறதா, தான் வீசுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தரைக்கு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "திருட்டு இல்லை" என்றார், அவள் உள்ளே நுழைந்ததும்.

"இல்லீங்க சார்."

"எத்தனை நாளா இப்படி?"

"அழிச்சுட்டேனுங்க."

"உங்களுக்குத் தெரியும்." அவர் பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமை டெண்டருக்கு அவரே வந்து விளக்கட்டும். பம்பு முடியற வரைக்கும் ஒண்ணும் இல்லை. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

அதுக்கப்புறம் என்ற வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் காலையில் இருந்த இடத்துக்கு அது பரவாயில்லை. போகலாம் என்பதுபோல் அவர் தலையசைத்தார். அவள் போகவில்லை.

"சார், ஒரு டாக்டரை வரச்சொல்லி எல்லாரையும் பாக்கச் சொல்லோணுங்க. நரம்பு டாக்டரா இருந்தா நல்லது. என்ன வருதோ அதை அவங்ககிட்ட மட்டும் சொல்லோணும். உங்ககிட்டயும் இல்லை, என்கிட்டயும் இல்லை."

"எல்லாரையும் எதுக்கு?"

மறைத்துப் பிரயோஜனமில்லை. "அழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேருன்னு காட்டுச்சுங்க. இன்னொருத்தர் யாருன்னு நான் பாக்கலை."

"பாக்கலையா?"

"பாக்கலைங்க."

அவர் அவளையே பார்த்தார். நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. பிறகு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நூத்தி நாப்பதுல நானும் ஒருத்தன்தானே?"

"ஆமாங்க சார்."

"என்னுதா இருக்குமோ?"

காலையில் எல்லாருடைய பதிவையும் கேட்ட அதே குரல்தான். இப்போது அதில் அதிகாரம் ஒரு துளியும் இல்லை. மேஜைமேல் வழக்கமாக வைக்கும் இரண்டு கைகளையும் அவர் மடியில் வைத்திருந்தார்.

"தெரியலைங்க சார். என்னுதாவும் இருக்கலாம்."

ஷிப்டு முடிந்து மணி அடித்தது. இருவரும் ஜன்னலருகே போய் நின்றார்கள். கீழே முற்றத்தில் ஆட்கள் கும்பலாக, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். அவளும் பார்த்தாள். எல்லாருடைய ஒரு கையில் டிபன் பை இருந்தது, மறு கையில் ஃபோன் இருந்தது. வீசுகிற கையே ஒருவருக்கும் இல்லை.